சுகந்தியின் மச்சம்

"என் பெஞ்சாதிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு டீச்சர். நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

கடைக்குள் வந்ததும் வராததுமாகச் சிங்காரவேலு இதைத்தான் சொன்னார். அவருக்கு அறுபத்தொரு வயது. அவர் டீச்சர் என்று கூப்பிட்ட மெர்சிக்கு முப்பத்தி நாலு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பழைய போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து கொடுக்கிற கடை அவளுடையது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் பாடம் எடுத்ததில்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்தாள், அதனால் டீச்சர்.

வயதைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். தெரிந்தவரிடம்தானே கேட்க முடியும்?

"உக்காருங்க ஐயா. அம்மா என்ன சொல்றாங்க?"

"பாப்பாவுக்குக் கன்னத்துல மச்சம் இருந்துச்சுங்கிறா."

மெர்சி செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினாள்.

கடல் ஊருக்குள் ஏறி வந்த வருஷம் அவர் மகள் சுகந்திக்கு ஆறு வயது. பிள்ளையும் போனாள், வீடும் போனது, வீட்டிலிருந்த போட்டோக்களும் போயின. மிஞ்சியது ஒன்றே ஒன்று. வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில், கூட்டத்தோடு கூட்டமாக ஓரத்தில் நிற்கிற பிள்ளை. ஓடப்போகிற நேரம் பார்த்து எடுத்திருக்கிறார்கள். முகம் கலங்கிப்போய், சுண்டைக்காய் அளவுக்கு இருந்தது.

இருபது வருஷமாக அந்தச் சுண்டைக்காயைப் பார்த்துத்தான் இரண்டு பேரும் அழுதார்கள்.

போன தை மாசம் அதைக் கொண்டுவந்து மெர்சியிடம் நீட்டினார்.

"இதைத் தெளிவாக்கிக் குடும்மா."

"தெளிவாக்க இதுல ஒண்ணும் இல்லையே ஐயா. மிஷின் தன் இஷ்டத்துக்கு ஒரு முகத்தைப் போடும். அது உங்க பிள்ளையா இருக்காது."

"போட்டா போட்டுட்டுப் போகுது."

"நான் போட மாட்டேன்."

"அப்ப எப்படின்னு எனக்குச் சொல்லிக்குடு. நானே போட்டுக்கறேன்."

பெற்றவன் கேட்கும்போது அவள்தான் என்ன செய்வாள்? சொல்லிக்கொடுத்தாள். அன்றோடு 'அம்மா' போய் 'டீச்சர்' வந்தது.

வலை பின்னின விரல் மௌசுக்குப் பழக ஒரு மாசம் ஆனது. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் திரையில் சுகந்தி வந்தாள். கண் இருந்தது, மூக்கு இருந்தது, சிரிப்பு இருந்தது. இடது கன்னத்தில் ஒரு மச்சமும் இருந்தது.

"பிள்ளைக்கு மச்சம் உண்டா?" என்று மெர்சி கேட்டாள்.

"இல்லையே. அது திருஷ்டிப் பொட்டு. கல்யாண வீட்டுக்குப் போறோம், நாலு பேர் கண்ணு படும்னு அவ அம்மா மை தொட்டு வச்சது."

"மிஷினுக்குத் திருஷ்டியெல்லாம் தெரியாது ஐயா. மச்சம்னு நினைச்சிடுச்சு. எடுத்துடுங்க."

"இருந்துட்டுப் போகட்டும் டீச்சர். முகமே கிடைச்சிருச்சு, மச்சத்தைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு."

பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, வீட்டில் மாட்டினார். அவர் மனைவி தனபாக்கியம் மூன்று நாள் அதன் முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? பிள்ளையைப் பறிகொடுத்த வீடு அது ஒன்றுதானா? கிழிந்தது, நனைந்தது, பால்வாடியில் கும்பலாக எடுத்தது என்று ஆளாளுக்குக் கொண்டுவந்தார்கள். பதினோரு வீட்டுக்குச் சிங்காரவேலு முகம் போட்டுக் கொடுத்தார். பதினோரு பிள்ளைக்கும் ஒரே பல்வரிசை. ஆறு ஏழு வயதில் முன்பல் விழுந்திருக்கும் என்பதுகூட மிஷினுக்குத் தெரியவில்லை. யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலா இருந்தார்கள், பாவம்.

இப்போது மெர்சி கேட்டாள், "மச்சம் இருந்துச்சுன்னு அம்மா எப்பச் சொன்னாங்க?"

"நேத்து. என் தங்கச்சி மக குழந்தையோட வந்திருந்தா. அந்தக் குழந்தைக்குக் கன்னத்துல ஒரு மச்சம். 'எங்க சுகந்திக்கு இருந்த மாதிரியே இருக்கு'ன்னு இவ தூக்கி வச்சுக்கிட்டு இறக்கவே மாட்டேங்கிறா. 'அது நீ வச்ச பொட்டுடி'ன்னு சொன்னேன். அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டா."

"என்னன்னு?"

"'என் வயித்துல பொறந்ததுக்கு என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? கடலே கதின்னு கிடந்த ஆளுக்குத்தான் தெரியுமாக்கும்'னு. குளிப்பாட்டும்போது அந்த மச்சத்தைத் தடவித் தடவிப் பார்ப்பாளாம் டீச்சர். அதை வேற சொல்றா."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொட்டு வச்ச விரல் அவளோடது. மையும் அவ காய்ச்சினதுதான். அவளே மறந்துட்டா. என் பிள்ளை எப்படி இருந்தாள்னு ஞாபகம் வச்சிருக்கிறது இப்ப நான் ஒருத்தன்தான். நான் கண்ணை மூடிட்டா பாப்பா முகம் எங்க இருக்கும்?"

மெர்சி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அந்தப் படத்தைத் தேடித் திறந்தாள்.

"உங்களுக்கு நல்லாத் தெரியுமா ஐயா? மச்சம் கிடையாதே?"

"சத்தியமாக் கிடையாது."

"அப்ப இதுல எடுத்துடறேன். திருத்தினதை வீட்ல மாட்டுங்க. பார்க்கப் பார்க்க அம்மாவுக்கும் ஞாபகம் வந்துடும்."

"அதைக் கேக்கத்தான் டீச்சர் வந்தேன்."

அவர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் நாலு தட்டுத் தட்டினாள். மச்சம் போய்விட்டது. கன்னம் துடைத்துவிட்டது போல் இருந்தது.

சிங்காரவேலு பார்த்தார். கிட்டே குனிந்து பார்த்தார். எழுந்து, தள்ளி நின்றும் பார்த்தார்.

"வேற படத்தைத் திறந்துட்டீங்க டீச்சர். இது எங்க பாப்பா இல்ல."

"அதே படம்தான் ஐயா."

"இல்லையே. அவளுக்கு இங்கன..."

அவர் கை தன் இடது கன்னத்துக்குப் போய், அங்கேயே நின்றது.

அவர் மெல்ல உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு மகளைத் தேடினார். ரொம்ப நேரம் தேடினார்.

திறந்தபோது அவர் மெர்சியையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை.

"வச்சிடுங்க டீச்சர்," என்றார். "அந்த மச்சத்தைத் திரும்ப வச்சிடுங்க."