எந்த மென்பொருள் வாங்கலாம்?

செங்குட்டுவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்குக் குருவாக அமைந்த பேராசிரியை மெஹருன்னிஸாவுக்கு ஏழு வயது குறைவு. ஓர் இயந்திரத்தைச் செய்வதற்கு முன்பே கணினியில் அதன்மேல் பாரம் ஏற்றி, எங்கே முறியும் என்று பார்க்கும் வித்தையை நாற்பது வயதுக்கு மேல் அவரிடம்தான் படித்தார் செங்குட்டுவன். ஓசூரில் பளுதூக்கி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வடிவமைப்புத் தலைவராகவும் ஆனார்.

ஆனி மாதத்தில், கட்டட வேலை நடந்த ஓர் இடத்தில், அவர் வடிவமைத்த பளுதூக்கியின் இரும்புக் கை முறிந்து விழுந்தது. கீழே நின்ற சின்னப்பன் என்ற தொழிலாளி அங்கேயே இறந்துபோனார்.

நிர்வாகம் கூடிப் பேசியது. மென்பொருள் பழசு, அதுதான் கோட்டைவிட்டது என்று முடிவு கட்டினார்கள். புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் செங்குட்டுவனிடமே கொடுத்தார்கள். மூன்று நிறுவனத்தார் வந்து தங்கள் மென்பொருளில் அந்தக் கையை ஏற்றிக் காட்டிவிட்டுப் போனார்கள். அந்த மூன்று அறிக்கைகளையும் தூக்கிக்கொண்டு அவர் பேராசிரியையின் கல்லூரிக்கு வந்தார்.

மெஹருன்னிஸா மூன்றையும் பொறுமையாகப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் கை பச்சையாக இருந்தது. பச்சை என்றால் தாங்கும்.

"கயிறு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு கொடுத்தீங்க?"

"நேர் கீழே, மேடம்."

"அங்கே ஆட்கள் எப்படி இழுக்கறாங்க?"

பளுதூக்கிக்கு நேர் கீழே பாரம் கொண்டுவரும் வண்டி நிற்க இடம் இருக்காது என்றும், தள்ளி நிற்கும் வண்டியிலிருந்து சாய்வாகவே இழுப்பார்கள் என்றும் சொன்னார் செங்குட்டுவன். பங்குனியில் அந்தக் கட்டட வேலை இடத்துக்குப் போனபோது அதைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார்.

மெஹருன்னிஸா தன் மடிக்கணினியைத் திறந்தார். அதில் இருந்ததும் அந்தப் பழைய மென்பொருள்தான். கையின் வரைபடத்தை ஏற்றி, அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"சாய்ச்சு இழுக்கற மாதிரி போடுங்க, சார்."

செங்குட்டுவன் மவுஸில் கை வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

"வேண்டாம் மேடம். போட்டுப் பாத்துட்டேன்."

"எப்போ?"

"பங்குனியிலயே. அங்கே போயிட்டு வந்த மறுநாள்."

"என்ன காட்டுச்சு?"

"சிவப்பு. இப்ப முறிஞ்ச அதே இடத்துல."

மெஹருன்னிஸா கோபப்படவில்லை. ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். சொல்லியிருந்தால் விற்றது அத்தனையையும் திரும்பப் பெற வேண்டியிருக்கும், அடுத்த தடவை செய்யும்போது கையைக் கனமாக்கிவிடலாம் என்று நினைத்தேன், நாள் ஓடிவிட்டது என்றார் செங்குட்டுவன். சொல்லி முடித்து, கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். மேசையில் கிடந்த அறிக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"நாளைக்கு நிர்வாகத்துக்குப் பதில் சொல்லணும் மேடம். மூணுல எது நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க."

"அதே கையோட இன்னும் எத்தனை பளுதூக்கி ஓடுது?"

"நாற்பத்தொண்ணு."

"இன்னைக்குமா?"

"இன்னைக்கும்."

மெஹருன்னிஸா மேசைத் தொலைபேசியை அவர் முன்னால் நகர்த்தினார்.

"நிறுத்தச் சொல்லிட்டு அப்புறம் கேளுங்க."