பீரோவுக்கு விலை கேட்டவர்

பெருந்துறையில் பீரோ பட்டறை வைத்திருந்த அங்கமுத்துவுக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. தான் மாட்டிய பூட்டையே மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அவருடைய இணையதளத்தில் கடை முகவரி இருக்காது, அவர் பெயரும் நம்பரும் இருக்காது. விலைகூட, பார்ப்பவர் தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்தால்தான் தெரியும். சும்மா காட்டினால் எதிர்க்கடை செங்கோடன் நூறு ரூபாய் குறைத்துப் போட்டுவிட மாட்டானா?

ஆறு மாதமாக அதன் வழியே ஒரு பீரோகூட விற்கவில்லை. தை மாதக் கல்யாணச் சீருக்கும் ஆர்டர் வராவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். அந்தப் பயத்தில், அறுபதை நெருங்கும் வயதில் அவர் மாணவரானார். வணிகர் சங்கத்தில் சனிக்கிழமைதோறும் இணையதள வகுப்பெடுக்கும் கோகிலவாணியிடம் போய் உட்கார்ந்தார். டீச்சருக்கு அவர் மகள் வயது. ஒருவேளை செங்கோடனுக்கு வேண்டப்பட்டவரோ என்று முதல் நாளே ஒரு சந்தேகம்.

“எல்லாம் அந்தச் செங்கோடன் வேலைங்க டீச்சர்,” என்றார். “முந்நூறு பேர் நம்பர் கொடுத்திருக்காங்க. கூப்பிட்டா ஒண்ணு அப்படியொரு நம்பரே இல்லைங்குது. இன்னொண்ணு ஏதோ ஆஸ்பத்திரிக்குப் போகுது. ஆளை வெச்சுப் பொய் நம்பராப் போடறானுங்க.”

“நீங்க பார்த்தீங்களாண்ணா?”

“பார்க்கோணுமாக்கும்! வேற எவனுக்குங்க இந்தப் புத்தி வரும்? அதை விடுங்க. சைட்டு பார்க்க லட்சணமா இல்லீங்க. கலரை மாத்துங்க, படத்தைப் பெருசாப் போடுங்க. சனம் தானா வரும்.”

“மாத்திடலாம். அடுத்த சனிக்கிழமை வாங்க.”

அங்கமுத்து தன் தளத்தின் கடவுச்சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். டீச்சர் தட்டி முடித்ததும் காகிதத்தைக் கிழித்துத் தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை கோகிலவாணி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

“இதைக் கொஞ்சம் பாருங்கண்ணா.”

மேலே ‘கொங்கு பீரோ மாளிகை’ என்று இருந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சியான நிறம், பெரிய பெரிய படங்கள். பீரோ மட்டும் எல்லாக் கடையிலும் இருப்பதுபோலத்தான். அங்கமுத்துவுக்கு வயிறு எரிந்தது.

“புதுக் கடைங்களா? அம்சமா வெச்சிருக்கானே! செங்கோடன்தான் வேற பேர்ல போட்டிருப்பான். இருங்க, என்ன விலைன்னு பார்த்துடறேன்.”

விலையைத் தட்டினார். கைப்பேசி எண்ணைக் கேட்டு ஒரு கட்டம் வந்தது. விரல் அப்படியே நின்றது. பக்கத்தின் மேலே போனார், கீழே போனார், மறுபடி மேலே போனார்.

“யாரு, எவரு, எந்த ஊருன்னு ஒண்ணையும் காணோம். என்ற நம்பரு இவனுக்கு எதுக்குங்க?”

கைக்கு வந்த பத்து எண்ணைத் தட்டிவிட்டார். விலை வந்தது.

“பதினெட்டாயிரத்து ஐநூறு. அட, என்ற விலையேதான்! திருட்டுப்பய. நான் சொன்னேனில்லைங்க?”

அப்போது அவர் சட்டைப்பையில் கைப்பேசி மணியடித்தது. எடுத்துப் பார்த்தார். ‘உங்கள் கடைக்குப் புதிய வாடிக்கையாளர்’ என்று அவருடைய தளத்திலிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது. அதன் கீழே, அவர் சற்று முன் தட்டிய அதே பத்து எண்கள்.

“நீங்க கேட்ட கலர்தாண்ணா, நீங்க கேட்ட படம்தான்,” என்றார் கோகிலவாணி. “கடைப் பேரை மட்டும் மாத்தினேன்.”

அங்கமுத்துவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. செங்கோடனை இத்தனை நாள் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்தது.

“அப்ப, இதுல நான் எதைத்தான் மாத்தோணுமுங்க டீச்சர்?”

“நம்பரைத் தட்டறதுக்கு முன்னாடி, மேலயும் கீழயும் எதையோ தேடினீங்களேண்ணா,” என்றார் கோகிலவாணி. “என்ன தேடினீங்க?”