இரண்டு வைத்தியரும் காட்டெருமையின் கட்டியும்

ஒரு காட்டில் வைத்தியர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அதனால்தான் காட்டெருமை சாகக் கிடந்தது. ஒருவர் மட்டும் இருந்திருந்தாலும் செத்திருக்கும், அது வேறு விஷயம்.

காட்டெருமைக்கு நுரையீரலில் புற்றுக்கட்டி. நாலு அடி நடந்தால் மூச்சு இரைக்கும். அதன் முதுகில் உண்ணி பொறுக்கி வாழ்ந்த மைனா அந்த மூச்சிரைப்பைக் கேட்டுக் கேட்டுப் பயந்தது. எருமை போனால் தீனியும் போகும், பேச ஆளும் போகும். மைனா கோள்மூட்டி. அதற்குப் பேச்சுத்தான் பெரிது.

முதலில் கரடி வந்தது. கர்வம் பிடித்த கரடி.

"உடம்புக்குள் புரதம் நாடா மாதிரி பிறக்கும். சரியாக மடித்தால்தான் வேலை செய்யும். புற்றுக்கு அவசரம் ஜாஸ்தி; மலைமலையாக மடித்தாக வேண்டும். மடிக்க உள்ளே ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். என் கஷாயம் அவன் கையை முடக்கிவிடும்" என்றது.

முடக்கியது. கட்டி சுருங்கியது. எருமை புல் மேய்ந்தது. மழை விடுவதற்குள் கட்டி மறுபடி வீங்கிவிட்டது.

பிறகு முள்ளம்பன்றி வந்தது. தொட்டதற்கெல்லாம் முள்ளைச் சிலிர்க்கும்.

"அந்தச் சடையன் கரடி, மடிக்கிற ஒருத்தன் கையை முடக்கினான். புற்று சும்மா இருக்குமா? மடிக்க இன்னொருத்தனை உட்காரவைத்துவிட்டது. என் லேகியம் அந்த இரண்டாமவனை முடக்கும். ஆனால் முதலில் பேதி. என் மருந்து போகிற வயிற்றில் வேறு ஒருத்தன் மருந்து சொட்டுக்கூட இருக்கக்கூடாது."

பேதியில் கரடியின் கஷாயம் கழிந்தது. முதலாமவனுக்குக் கை சரியானது. லேகியம் போய் இரண்டாமவனை முடக்கியது. என்ன பிரயோஜனம்? கட்டி கொஞ்சம் சுருங்கி, திரும்ப வீங்கியது.

கரடி திரும்பி வந்தது. "நான் அப்போதே சொன்னேன்" என்றது. அதுவும் முதலில் பேதிக்குத்தான் கொடுத்தது.

இப்படியே போனது. கட்டி கொழுத்தது. எருமை புதர்ப் பக்கமே குடியிருந்தது.

"அம்மாடி மைனா, புற்று கொல்லுமோ என்னவோ, இந்தப் பேதி கொன்றுவிடும்."

"மாமா, இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒருத்தனை முடக்குகிறார்கள். ஒரே சமயத்தில் முடக்கினால் மடிக்க ஆள் ஏது?"

"போய்ச் சொல்லேன்."

போய்ச் சொன்னது. கரடி உறுமியது. முள்ளம்பன்றி, "வைத்தியம் உனக்கு என்ன தெரியும்?" என்று முதுகைத் திருப்பிக்கொண்டது. நல்லதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? மைனா தனக்குத் தெரிந்த தொழிலுக்கே திரும்பியது.

அன்று எருமையின் வயிற்றில் கரடியின் கஷாயம் இருந்தது. முள்ளம்பன்றி பேதி மருந்து அரைத்துக்கொண்டிருந்தது.

"வைத்தியரே, நான் சொன்னேன் என்று வெளியே சொல்ல வேண்டாம். கரடி சிரிக்கிறது" என்றது மைனா.

"எதற்கு?"

"உங்கள் லேகியம் சவலைப் பிள்ளையாம். தன் கஷாயம் உள்ளே இருந்தால் வாசலிலேயே நின்றுவிடுமாம். அந்தப் பயத்தில்தான் பேதி கொடுக்கிறீர்களாம்."

முள்ளெல்லாம் எழுந்து நின்றது. "அப்படியா சொன்னான்? பேதி கிடையாது. அவன் கஷாயம் உள்ளேயே கிடக்கட்டும். கிடந்து பார்க்கட்டும்."

மைனா நேரே கரடியிடம் பறந்தது. "உங்கள் கஷாயம் இருந்தாலும் ஒன்றுதானாம், இல்லாவிட்டாலும் ஒன்றுதானாம். பேதிகூடத் தண்டம் என்கிறார் முள்ளம்பன்றி."

"தினமும் வந்து ஊற்றுகிறேன். அவன் கண்ணெதிரே ஊற்றுகிறேன்" என்றது கரடி.

இரண்டு மருந்தும் சேர்ந்து உள்ளே போயின. மடிக்க ஆள் இல்லை. மடியாத நாடா சிக்குச் சிக்காகக் குவிந்தது. புற்று தன் குப்பையிலேயே மூச்சு முட்டிச் செத்தது. எருமைக்குக் குமட்டலும் சோர்வும் வந்தன, தாங்கிக்கொண்டது.

ஒரு காலையில் எருமை எழுந்து மேடு ஏறியது. இரைக்கவில்லை.

"என் கஷாயம்" என்றது கரடி. "என் லேகியம்" என்றது முள்ளம்பன்றி. இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. சொல்லட்டும். எருமையைப் பிழைக்க வைத்தது கோள்மூட்டி மைனா.

நீதி: தனியாக முடியாததைச் சேர்ந்து செய்யுங்கள்; யார் பெரியவன் என்ற சண்டையை நோயாளி எழுந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.