வெள்ளிமலையின் பதினெட்டடிக் குழல்

சிறுமலை அடிவாரத்து நொச்சியோடையில் மோட்டார் மெக்கானிக் வெள்ளிமலை வாயைத் திறந்தால் ஊர்க்காரர்கள் முதலில் உட்கார இடம் தேடுவார்கள். நின்றபடி கேட்டு முடிக்கிற மாதிரி அவர் எதையும் சொன்னதில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு இருந்த ஒரே மனக்குறை, தான் சொன்னதை ஒருத்தன்கூட நம்பவில்லை என்பதுதான். அந்தக் குறை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்துத் தீர்ந்தது.

விஷயம் இதுதான். அந்தப் பக்கத்துக் கடலைக் காடுகளில் பன்றித் தொல்லை அதிகம். விரட்டுவதற்கென்று சில வீடுகளில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். குழலின் வாய் வழியாகக் கருமருந்தைப் போட்டு, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடித்து, மேலே ரவையைப் போட்டுக் கெட்டிக்கிற பழைய ரகம். உரிமம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒப்படைத்தால் வழக்கு கிடையாது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். பதினாறு பேர் கொண்டுவந்து ஊராட்சி ஆபீஸ் வாசலில் விரித்த தார்ப்பாயில் வைத்தார்கள். ஊரே சுற்றி நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இது யார் கைவேலை, கட்டை என்ன மரம், குழல் நேராக வந்திருக்கிறதா என்று அலசியது. வெள்ளிமலை மட்டும் எதையும் கொண்டுவரவில்லை.

அவரிடமும் ஒன்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பழைய பம்புக் குழாயை எடுத்து வீட்டிலேயே சொந்தக் கையால் செய்தது. அதை ஒரே ஒரு தடவை பற்ற வைத்தார். என்ன நடந்தது என்பது அவருக்கும் மனைவி பஞ்சவர்ணத்துக்கும் மட்டும்தான் தெரியும். மறுநாள் முதல் பஸ்ஸில் பழனிக்குப் போய் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு வந்தார். கேட்டவர்களிடம் வேண்டுதல் என்றார். அந்தச் சாமானைப் பதினாறு துப்பாக்கிக்கு நடுவில் ஊர் பார்க்க வைப்பதைவிட ஜெயிலுக்கே போகலாம் என்று ஞாயிற்றுக்கிழமை நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஜெயில் ரொம்பத் தூரத்தில் இருந்தது.

கெடு முடிந்த மறுநாள் ஒரு காதுகுத்து விருந்தில், இலையில் ரசம் விழுந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "அவய்ங்க வச்சதெல்லாம் விளையாட்டுச் சாமான்யா. நான் செஞ்சதை எடுத்து வச்சா தார்ப்பாய் தாங்குமா?" என்றார். பந்தி சிரித்தது. பந்தியில் யாரோ ஒரு புண்ணியவான் சிரித்து முடித்துவிட்டுப் போலீஸுக்குப் போன் போட்டிருக்கிறான். மறுநாள் காலை வெள்ளிமலையை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எஸ்.ஐ. ஜெபசிங் நாகர்கோவில் பக்கத்து இளைஞர், வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. சிரிப்பை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று சட்டம் சொல்லாததால் அவர் சிரிப்பதில்லை. பக்கத்து மேஜையில் ஏட்டு குருநாதன். நொச்சியோடைக்காரர். இருபது வருடமாக வெள்ளிமலையின் கதைகளைக் கேட்டு, அதில் ஒரு வரியைக்கூட நம்பாதவர்.

வெள்ளிமலை எதிர் பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். துப்பாக்கி இல்லை என்று சொன்னால் வீட்டைச் சோதனை போடுவார்கள். சாமான் வீட்டில் எங்கே கிடக்கிறது என்று அவருக்கே தெரியாது. தப்பிக்க ஒரே ஒரு வழிதான் புலப்பட்டது. எதிரில் இருப்பவர் தலையில் அடித்துக்கொண்டு "எந்திரிச்சுப் போய்யா" என்று விரட்டும்படி புளுகிவிட வேண்டும். அதில் அவருக்குத் தன்மேல் நம்பிக்கை இருந்தது.

"துப்பாக்கி உண்டா?" என்றார் எஸ்.ஐ.

"இருக்கு சார்."

"குழல் எவ்வளவு நீளம்?"

"பதினெட்டடி சார்."

ஏட்டு இருமினார். எஸ்.ஐ. 'பதினெட்டு' என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதிவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார்.

வெள்ளிமலைக்குச் சுருக்கென்றது. அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. "பதினெட்டடிங்கிறது மார்கழிக் கணக்கு சார். இரும்பு பாருங்க, வெயில்ல நீளும். சித்திரையில அடிப்பக்கம் எங்க வீட்டுல இருக்கும், வாய் கோம்பையூர்ல இருக்கும்."

"அப்பம் மருந்து கெட்டிக்கது எப்படி?"

"எம் பொஞ்சாதி பத்தே கால் பஸ்ல கோம்பையூர் போயிருவா சார். வாயில மருந்தைக் கொட்டி, நாரை வச்சு இடிச்சிட்டு, ரெண்டு மணி பஸ்ல வந்துருவா. நான் இங்கன விசையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒருக்கா பஸ் வரலைன்னு சொல்லி அன்னைக்குப் பூரா நான் உக்காந்தே இருந்தேன். பன்னி வந்து என்னைய மோந்து பாத்துட்டு, பாவம்னு போயிருச்சு."

"பஸ் நம்பர்?"

"ஏழு ஏ சார்."

எழுதினார். வெள்ளிமலை ஏட்டைப் பார்த்தார். ஏட்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்கு இன்னும் பெரிதாகப் போட வேண்டும் போலிருக்கிறது என்று வெள்ளிமலை மூச்சை இழுத்துக்கொண்டார்.

"கட்டை பலா மரம் சார். மரத்தை வெட்ட மனசு வரலை. வேரோட நிக்கிற மரத்துலயே கட்டையைச் செதுக்கிட்டேன். தோள்ல வைக்க முடியாது. நாமதான் தோளை அங்க கொண்டுபோய் வைக்கணும். ஆனி பொறந்தா துப்பாக்கியில பழம் தொங்கும். வாசத்துக்குப் பன்னி தானா வந்துரும். நான் குறி பாக்குறதுக்குள்ள அது சுளையைத் தின்னுட்டு, கொட்டையை எம் மூஞ்சியிலயே துப்பிட்டுப் போயிரும்."

"மரம் பட்டா நிலத்திலயா, காட்டு இலாகா எல்லையிலயா?"

"சார்," என்று ஏட்டு தாங்க முடியாமல் எழுந்தார். "இவன் மணி பத்துன்னு சொன்னா நாங்க வெளிய போய் வெயிலைப் பாத்துட்டுதான் சார் நம்புவோம். இதைப் போயி எழுதிக்கிட்டு..."

"சாட்சி குறுக்க பேசக் கூடாது," என்றார் எஸ்.ஐ. ஏட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிமலை குழலை மெருகேற்றிய கதையை எடுத்தார். புளி போட்டு, செங்கல் தூள் போட்டு, நாற்பது நாள் ஆமணக்கெண்ணெய் விட்டுத் தேய்த்தாராம். பளபளப்பில் பன்றிகள் வரிசையில் நின்று முகம் பார்த்துவிட்டுப் போயினவாம். குழல்மேல் ஏறிய பல்லி வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்துபோய், அதற்குப் பச்சிலைப் பத்துப் போட்டவரும் அவர்தானாம். கடைசியில் சுட்ட கதைக்கு வந்தார்.

"விசையைத் தொட்டேன் சார். கட்டை உதைச்ச உதையில நான் பின்னாடி பறந்து நத்தத்துல ஒரு கல்யாணப் பந்தியில போய் உக்காந்தேன். நடு இலை காலியா இருந்துச்சு, சாப்பிட்டேன். ஆனா வயிறு முதுகுப் பக்கம் போயிருச்சு சார். ஒரு வாரம் திரும்பி உக்காந்துதான் சோறு தின்னேன்."

"வெடிச்ச சத்தத்தைக் கேட்டது யாரு?"

ஏட்டின் முகம் மலர்ந்தது. இங்கே மாட்டினான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளிமலை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"யாரும் கேக்கலை சார். குழல் நீளம் அப்படி. சத்தம் இன்னும் உள்ளதான் வந்துக்கிட்டு இருக்கு."

எஸ்.ஐ. பேனாவை வைத்தார். வெள்ளிமலைக்கு அப்பாடா என்றிருந்தது. எந்திரித்துப் போ என்பதற்காக இடுப்பைக்கூட லேசாகத் தூக்கிவிட்டார்.

"அப்பம் குண்டும் இன்னும் உள்ளதான் இருக்கு," என்றார் எஸ்.ஐ. கவலையோடு. "பஸ் நம்பர் இருக்கு, நேரம் இருக்கு, மரம் இருக்கு. இவ்வளவு விவரமா ஒருத்தர் பொய் சொல்ல முடியாது. ஏட்டையா, எழுதிக்கிடுங்க. முதல் குற்றவாளி வெள்ளிமலை. மருந்து கெட்டிச்ச வகையில ரெண்டாவது குற்றவாளி அவர் மனைவி. அந்த அம்மாவுக்குப் போன் பண்ணுங்க. வீட்டுல உள்ள சாமானையும் எடுத்துட்டு வரட்டும்."

வெள்ளிமலைக்கு வயிறு நிஜமாகவே முதுகுப் பக்கம் போனது. ஆயுள் முழுக்க ஒரு ஆளாவது நம்ப மாட்டானா என்று ஏங்கினாரே, அந்த ஆள் வந்துவிட்டான். வந்து பஞ்சவர்ணத்தின் பெயரைக் குற்றப் பத்திரிகையில் ஏற்றுகிறான். தான் உள்ளே போனால் போகட்டும், அவள் என்ன பாவம் செய்தாள் என்று எழுந்து நின்று கும்பிட்டார்.

"சார், எல்லாம் பொய் சார். குழல் மூணடிதான் சார். பஸ்ஸெல்லாம் பொய் சார்."

"வாக்குமூலம் குடுத்த பொறவு எல்லாரும் இதைத்தான் சொல்லுவாவ," என்றார் எஸ்.ஐ.

அரை மணி நேரத்தில் பஞ்சவர்ணம் வந்தாள். சேலையில் சாம்பல் ஒட்டியிருந்தது. உலையில் அரிசி போட்ட நேரத்தில் கூப்பிட்ட கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. கையில் கொண்டுவந்த கறுத்த குழாயை மேஜைமேல் டங்கென்று வைத்தாள். எஸ்.ஐ. நாற்காலியோடு இரண்டடி பின்வாங்கினார்.

"இதுல நீங்க மருந்து கெட்டிச்சது உண்டாம்மா?"

"மருந்தா?" பஞ்சவர்ணம் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "இதுல காத்துதான்யா போகும். ரெண்டு வருசமா நான் இதுலதான் அடுப்பு ஊதுறேன்."

வெள்ளிமலை அடுப்படிப் பக்கம் ஒருநாளாவது எட்டிப் பார்த்திருந்தால் அவருக்கும் அது தெரிந்திருக்கும். அவள் குழாயை எடுத்து ஒரு முனையை வாயில் வைத்து ஊதினாள். மறுமுனையிலிருந்து சாம்பல் பறந்து வாக்குமூலத்தின் மேல் படிந்தது. எஸ்.ஐ. அதைத் தட்டிவிட்டு, குழாயை வாங்கி, பயந்து பயந்து ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். மறுபக்கம் ஏட்டின் ஒரு காது மட்டும் தெரிந்தது.

"துப்பாக்கிக் குழலுக்கு அடிப்பக்கம் அடைச்சிருக்கணுமே. இது ரெண்டு பக்கமும் திறந்துல்லா கிடக்கு?"

ஸ்டேஷனில் எல்லாரும் வெள்ளிமலையைப் பார்த்தார்கள். ஏட்டின் வாய் காதுவரை போகத் தயாராக இருந்தது. இதைச் சொன்னால் நாளைக் காலை நொச்சியோடை முழுக்கத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் பஞ்சவர்ணம் ரெண்டாவது குற்றவாளி. வெள்ளிமலை வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுருக்கமாகப் பேசினார்.

"அடைக்க மறந்துட்டேன் சார்."

"மறந்துட்டு?"

"மருந்தைப் போட்டு இடிச்சேன். இடிக்க இடிக்கப் பின்னாடி கொட்டிக்கிட்டே இருந்திருக்கு, பாக்கலை. பத்த வச்சேன். முன்னாடி ஒண்ணும் வரலை. எல்லாம் எம் பக்கம்தான் வந்துச்சு. மீசை பாதியும் முன்முடியும் பொசுங்கிருச்சு. அதை மறைக்கத்தான் சார் பழனி."

ஏட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. எஸ்.ஐ. மட்டும் சிரிக்கவில்லை. நாலு பக்க வாக்குமூலத்தை நீளவாக்கில் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, புதுத் தாளில் 'மேற்படி பொருள் துப்பாக்கி அல்ல, அடுப்பு ஊதும் குழல். செய்தவர் வெள்ளிமலை' என்று எழுதி நீட்டினார். வெள்ளிமலை கையெழுத்துப் போட்டார். கை கூசியது. ஆனால் பஞ்சவர்ணத்தின் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை என்பதை இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டார்.

எஸ்.ஐ. குழாயை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்.

"ஊதுறதுக்காவது நல்லா இருக்காம்மா?"

"எங்கய்யா," என்றாள் பஞ்சவர்ணம், குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே. "இந்த மனுசன் செஞ்சது எது நேரா இருந்துச்சு? கோணக் குழாய். நான் எங்க அடுப்பை ஊதுனா அடுத்த வீட்டு அடுப்புதான் எரியுது. அவ சோறாக்கி முடிச்ச பெறகுதான் எனக்கு உலை கொதிக்கும்."

எஸ்.ஐ. பேனா மூடியைத் திறந்து தாளைத் திருப்பிப் போட்டார்.

"அடுத்த வீடு எத்தனை அடி தள்ளி?"

வெள்ளிமலை பெண்டாட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.