முதலில் தொடும் கை

உலகம்மையிடம் கேள்வி கேட்கப் போகிறவர், கையில் ஒரு வேலையோடுதான் திரும்புவார். பதில் அந்த வேலைக்குள் எங்காவது கிடக்கும். தேடி எடுத்துக்கொள்வது கேட்டவர் பாடு.

நல்லசிவத்துக்கு இது நன்றாகத் தெரியும். சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த உலகம்மையின் மடத்துக்குச் சீடராக வந்து சேர்ந்தவர் அவர். குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதல். அதைப் பற்றி இருவரும் கவலைப்பட்டதில்லை.

ஒரு சாயங்காலம் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, ரெண்டு பொண்ணுங்க கல்யாணம் பண்ணிக்கிட்டா அது கல்யாணமா?"

உலகம்மை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். "யாரு அந்த ரெண்டு பொண்ணுங்க?"

"பொதுவாத்தான் கேக்கேன். டிவியில தினமும் இதே பேச்சா இருக்கு. கோர்ட்டு பார்லிமென்டைக் கைகாட்டுது. பார்லிமென்ட் ஊரைக் கைகாட்டுது. ஊரு யாரைக் கைகாட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பொதுவா கேக்கிறவருக்கு முகம் இப்படி வாடாதே."

அதற்கு மேல் மறைக்க அவருக்குத் திராணி இல்லை. மகள் செண்பகாவைப் பற்றிச் சொன்னார். கோயம்புத்தூரில் வேலை. ரெஜினா என்ற பெண்ணோடு பல வருஷமாய் ஒரே வீட்டில் இருக்கிறாள். சிநேகிதி என்றே நினைத்திருந்தார். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

போன வருஷம் ரெஜினாவுக்கு அவசரமாக ஓர் ஆபரேஷன். 'நீங்க அவங்களுக்கு யாரு?' என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். செண்பகா சொன்ன பதில் அங்கே செல்லவில்லை. பேச்சுவார்த்தையே இல்லாத ஓர் அண்ணனை நாகர்கோவிலிலிருந்து வரவழைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அதுவரை செண்பகா வராந்தாவில் நின்றாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் மாலை மாத்திக்கப் போறாங்களாம். மாலையை நான்தான் எடுத்துக் குடுக்கணுமாம். 'நீங்க வரலைன்னா நாங்களே எடுத்துக்கிடுதோம்ப்பா'ன்னு சொல்லுதா."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பார். அவள் மெதுவாகச் சொல்லிவிட்டாள். அதுதான் அவரைத் தூங்கவிடாமல் படுத்தியது.

"நீங்க எத்தனை கல்யாணத்தைப் பதிஞ்சிருப்பீங்க?" என்று கேட்டார் உலகம்மை.

"அதுக்கு ஏதும்மா கணக்கு?"

"நீங்க கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவங்க புருஷன் பொண்டாட்டி ஆனாங்களா?"

"இல்லை. ஆயிட்டுத்தான் வருவாங்க. சிலபேர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேத்த பிறகு வருவாங்க."

"அப்போ உங்க கையெழுத்து எதுக்கு?"

"அதெப்படிம்மா? நாளைக்கு ஒருத்தருக்கு ஒண்ணுன்னா, இன்னொருத்தரை வெளியே நிறுத்திடக் கூடாதுல்லா? அதுக்குத்தான்..."

பேச்சைப் பாதியில் விட்டுவிட்டார். உலகம்மை அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. உரித்த மொச்சையை அள்ளி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"காலையில இங்க ஒரு கல்யாணம் இருக்கு. தாலித் தட்டை நீங்க ஏந்துங்க."

அந்த மடத்தில் நடக்கும் கல்யாணங்களில், மஞ்சள் பூசிய தேங்காய் மேல் தாலியை வைத்துத் தட்டில் ஏந்திக் கூட்டம் முழுக்கக் கொண்டுபோவார்கள். வந்திருக்கும் அத்தனை பேரும் தொட்டு வாழ்த்திய பிறகுதான் கெட்டிமேளம்.

நல்லசிவம் சலவை வேட்டியில் வந்து தட்டை வாங்கினார். அரசாங்க விழாக்கள் எத்தனையோ பார்த்த மனிதர். பதவி முதலில், மற்றவர்கள் பிறகு என்பது அவர் உடம்பில் ஊறிய பாடம். நேரே முன்வரிசைக்குப் போய்ப் பேரூராட்சி சேர்மன் முன்னால் தட்டை நீட்டினார்.

கையைக் கொண்டுவந்த சேர்மன் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பொண்ணோட அப்பா தொட்டாச்சா?"

"இனிமேத்தான்."

"என்னங்க நீங்க, பெத்தவர் தொடாத தாலியை நான் எப்படித் தொடுறது? முதல்ல அவர்ட்ட போங்க."

பக்கத்தில் இருந்தவரும் கையை மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு அடுத்தவரும் அப்படியே. தட்டு நின்ற இடத்திலேயே நின்றது. நாகஸ்வரக்காரர் வாசித்ததையே வாசித்துக்கொண்டு இவரை முறைத்தார்.

"ஐயா," என்று மணமேடையிலிருந்து உலகம்மை கூப்பிட்டார். "மாடசாமி சமையல்கட்டுப் பக்கம் நிக்காரு பாருங்க."

பெண்ணின் அப்பா மாடசாமி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தார். மகள் கல்யாணத்தில் தனக்கு அதுதான் வேலை என்று அவராக முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. தட்டைக் கண்டதும் பதறிப்போய்க் கையைத் துண்டில் துடைத்தார். போதாதென்று மறுபடி துடைத்தார்.

தாலியைத் தொட்டு, "என் பிள்ளை நல்லா..." என்றவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு தட்டை அவர் சுமக்கவே வேண்டியிருக்கவில்லை. நாலா பக்கமிருந்தும் கைகள் வந்தன. சேர்மன் எழுந்து நின்று தொட்டார். வாழைக்காய் நறுக்கிய பெண்கள் அரிவாள்மணையை விட்டு ஓடிவந்தார்கள்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்தது. நல்லசிவம் மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, என் கேள்வி அப்படியே இருக்கு."

"சொல்லுங்க."

"செண்பகா கெட்ட பிள்ளை இல்லை. அந்த ரெஜினாவும் தங்கமான பிள்ளை. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா சட்டம் இன்னும் ஏத்துக்கிடலையே. ஊரும் ஏத்துக்கிடலை. முதல்ல கோர்ட்டு ஒத்துக்கிடட்டும், பார்லிமென்ட் ஒத்துக்கிடட்டும், சொந்தபந்தம் ஒத்துக்கிடட்டும். எல்லாரும் சரின்னு சொன்ன பிறகு நானும் போய் மாலையை எடுத்துக் குடுக்கேன். அதுல என்ன தப்பு?"

உலகம்மை அவருக்கு ஒரு தம்ளர் மோர் ஊற்றி வைத்தார்.

"காலையில சேர்மன் கையை இழுத்துக்கிட்டு உங்கள்ட்ட என்ன கேட்டாரு?"

நல்லசிவம் வாயைத் திறந்தார். சேர்மன் கேட்டது மூன்றே வார்த்தை. "பொண்ணோட அப்பா தொட்டாச்சா?" என்று அதை மெல்லத் திருப்பிச் சொன்னார்.