நரி ஊட்டி வளர்த்த சருகுமான்

வெயில்கூட யோசித்து யோசித்து இறங்கும் அடர்ந்த காடு ஒன்றில், ஓடைக்கரைப் பாறை இடுக்கில், நொச்சி என்ற சருகுமான் வாழ்ந்து வந்தது. சருகுமானைப் பார்த்திருக்கிறீர்களா, பிள்ளைகளே? மான் என்பது பெயரில்தான். உயரம் முயலளவு, கால்களோ ஈர்க்குச்சி. தலையில் கொம்பும் கிடையாது. ஓடுவதற்குக் காலும் பயப்படுவதற்கு மனசும்தான் அதன் சொத்து.

நொச்சியின் பயம் காடறிந்த பயம். இலை விழுந்தால் துள்ளும். தன் நிழல் அசைந்தால் ஓடும். ஓடைக்கரை முழுக்க அலைந்து, இங்கே ஒரு துளிர், அங்கே ஓர் அத்திப்பழம் என்று மேயும். ஒரு வாய் தின்பதற்குள் நாலு ஓட்டம் ஓடிவிடும். அதனால் உடம்பு சிக்கென்று இருந்தது.

அதே காட்டில் ஒரு நரியும் இருந்தது. அதன் பெயர் நல்லான். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். நொச்சியைப் பல தடவை துரத்தி, ஒவ்வொரு தடவையும் நாக்குத் தள்ளித் திரும்பிய நரி அது. பாறை இடுக்கிலோ அதன் தலை மட்டும்தான் நுழையும். "ஓடிப் பிடிக்க முடியாததை உட்கார வச்சுத்தான் பிடிக்கணும்" என்று கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது.

மறுநாள் காலை, பாறை இடுக்குக்கு எதிரே சற்றுத் தள்ளி நின்று நல்லான் மூச்சிரைக்கக் கத்தியது.

"தங்கச்சி! வெளியே வந்துடாதே!"

"ஏன்? என்ன ஆச்சு?" என்று உள்ளேயிருந்து நொச்சி கேட்டது.

"ஓடைக்கரைக்குச் சிறுத்தை வந்திருக்கு. நேத்து ஒரு கடமான் கன்னு போச்சு. கழுத்துல ஒரே கடி. சத்தம்கூட வரலே."

நொச்சி இடுக்கின் உள்மூலைக்கு ஒடுங்கியது. "ஐயோ, நான் மேயப் போகணுமே!"

"அண்ணன் நான் எதுக்கு இருக்கேன்? இந்த நேரத்துல பழைய பகையெல்லாம் பார்க்கலாமா? நானே கொண்டு வந்து வாசல்ல வச்சுட்டு எட்டப் போயிடறேன். நீ அசையாமக் கிட. அசைஞ்சா சத்தம் வரும். சத்தம் கேட்டா அது வரும்."

பயந்து கிடப்பவர்களுக்கு ஒரு குணம் உண்டு. பயப்படாதே என்று சொல்பவரை நம்ப மாட்டார்கள். நன்றாகப் பயப்படு என்று சொல்பவரை உடனே நம்பிவிடுவார்கள். நொச்சியும் நம்பியது.

நல்லான் சொன்னபடியே செய்தது. காலையில் வாய் நிறைய இலுப்பைப் பூ. மாலையில் பலாச்சுளை. நடுவில் தோட்டத்தில் திருடிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு. எல்லாம் தித்திப்பு. நொச்சி தின்றது, படுத்தது, மறுபடி தின்றது. பசி வந்தால் தின்றது. பயம் வந்தாலும் தின்றது. பயமோ எந்நேரமும் வந்தது.

நாளாக ஆக அதன் வயிறு தரையைத் தொட்டது. படுத்தால் எழுந்திருக்க இரண்டு தடவை முக்க வேண்டியிருந்தது. "சத்தம் போடாமக் கிடக்கேனே, அது போதும்" என்று நொச்சி தன்னையே தேற்றிக்கொண்டது.

ஒரு மாலை, பலாச்சுளையோடு நல்லான் வருவதை நொச்சி இடுக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. நட்டநடுப் பாதையில், சருகு சரசரக்க, வாலை ஆட்டியபடி நரி வந்தது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நொச்சியின் காது விறைத்தது. மற்ற விஷயங்கள் எப்படியோ, பயத்தைப் பற்றி அதற்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பயந்தவன் நாலடிக்கு ஒருமுறை நிற்பான். காற்றை மோந்து பார்ப்பான். செத்தாலும் சருகில் கால் வைக்க மாட்டான். சிறுத்தை உலாவும் காட்டில் நடக்கிற நடையா இது?

'அப்போ சிறுத்தையே இல்லையா? பிறகு இவன் எனக்கு எதுக்கு இப்படி ஊட்டறான்?'

குனிந்து தன் வயிற்றைப் பார்த்ததும் விடை தெரிந்துவிட்டது. கொழுக்க வைத்துத் தின்னத்தான்!

மேட்டுக்கு அந்தப்புறம் பெரிய சூரைமுள் புதர் இருந்தது. அதற்குள் போய்விட்டால் எந்த நரியும் நுழைய முடியாது. முன்பெல்லாம் நொச்சி ஒரே மூச்சில் ஓடிச் சேர்ந்த இடம்தான். விடிந்ததும், விலா பாறையில் உரச, மெல்ல வெளியே வந்து ஓடத் தொடங்கியது.

மேட்டில் பாதிகூட ஏறவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது, முழங்கால் மடங்கியது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. தூரத்தில் நரியின் ஊளை கேட்டது. நொச்சி விழுந்து புரண்டு, ஊர்ந்து, இடுக்குக்கே திரும்பியது.

சிறுத்தைக்குப் பயந்தபோது ஒளிய ஓர் இடமாவது இருந்தது. இப்போது தன் உடம்பையே நினைத்துப் பயம் வந்தது. உடம்புக்குப் பயந்து எங்கே போய் ஒளிவது?

பதறிப்போன நொச்சி வேறொரு முட்டாள்தனம் செய்தது. அன்றிலிருந்து எதையும் தொடவில்லை. துளிர்கூடக் கடிக்கவில்லை. இளைத்தால் ஓடிவிடலாம் என்று நினைத்தது. ஆனால் கொஞ்ச நாளில் எழுந்து நிற்கவே முடியாமல் தலை சுற்றியது. தொப்பை கொஞ்சம் கரைந்தது உண்மைதான். அதோடு காலில் மிச்சமிருந்த தெம்பும் சேர்ந்து போயிற்று.

நல்லான் வந்து எட்டிப் பார்த்தது. "என்ன தங்கச்சி, வச்சது வச்சபடியே இருக்கு? சாப்பிடாமக் கிடந்தா உடம்புக்கு ஆகாதும்மா." குரலில் தேன் சொட்டியது. கண் மட்டும் நொச்சியின் தொடையை அளந்தது.

"வயிறு சரியில்லேண்ணா. நாளையிலேருந்து சாப்பிடறேன்" என்றது நொச்சி.

அன்று முதல் நொச்சி சாப்பிட்டது. நரி கொண்டு வந்த தித்திப்பை அல்ல. அதையெல்லாம் உள்ளே ஒரு பொந்தில் தள்ளியது, எறும்புகள் தின்று கொழுத்தன. இடுக்கின் ஓரத்தில் முளைத்த கீரையையும் துளிரையும் பசிக்குத் தக்கபடி கடித்தது. விடியும் நேரத்தில், நரி வருவதற்கு முன்பு, வெளியே வந்து மேட்டில் ஏறி இறங்கியது. முதல் நாள் பக்கத்துக் கல் வரைக்கும்தான். நடுக்கம் தாளாமல் திரும்பிவிட்டது. அடுத்த நாள் அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம். தொடையெல்லாம் வலித்தது. ஒவ்வொரு காலையும் "இன்னிக்கு வேண்டாமே" என்று மனசு கெஞ்சும். உடனே நரியின் பல் நினைவுக்கு வரும். எழுந்துவிடும்.

நரி வரும் நேரம் இருட்டு மூலையில் படுத்துக்கொண்டு, "அண்ணா, புரளக்கூட முடியலே" என்று முனகும்.

"பரவாயில்லே, நீ படு, படு" என்று நல்லான் உதட்டை நக்கிக்கொள்ளும்.

ஒரு காலை, நொச்சி மேட்டின் நடுவில் இருந்தபோது கீழே பேச்சுக் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்த நொச்சிக்கு உயிரே போய்விட்டது. நல்லானும் அதன் பெண்சாதியும் பாறை இடுக்கின் வாசலில் நின்றன. திரும்பிப் போக வழியில்லை.

"ஊட்டி ஊட்டி வளர்த்தியே, எங்கே உன் கொழுத்த தங்கச்சி?" என்று பெண் நரி கேட்டது.

"உள்ளேதான். சிறுத்தை போயிடுச்சுன்னு சொன்னா உருண்டு வந்துடும்..."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்த நல்லான், மேட்டில் நின்ற நொச்சியைப் பார்த்துவிட்டது. வாய் பிளந்தபடியே நின்றது.

"அடிப்பாவி! ஏமாத்திட்டா! பிடி!"

நொச்சி ஓடியது. பின்னால் எட்டுக் கால்களின் சத்தம். பாதி மேட்டில் அதே படபடப்பு வந்தது, அதே இருட்டு கண்ணோரம் எட்டிப் பார்த்தது. 'இங்கேதான் அன்னிக்கு விழுந்தேன். இன்னிக்கும் விழுந்தால் செத்தேன்' என்று நொச்சி அலறாத குறை. ஆனால் முழங்கால் மடங்கவில்லை. மூச்சு ஒரு தடவை தடுக்கி, பிறகு சீரானது. மேட்டைத் தாண்டிச் சரிவில் பாய்ந்தபோது நல்லானின் சூடான மூச்சு வாலில் பட்டது. சுரீர் என்று ஒரு வலி. வால் முடிக்கொத்து நரியின் வாயோடு போக, நொச்சி சூரைமுள்ளுக்குள் புகுந்தது.

நல்லான் மூக்கை நுழைத்து, முள் குத்தி, ஊளையிட்டது. "நன்றி கெட்டவளே! எத்தனை நாள் சுமந்து வந்து கொட்டினேன்!"

"வாயை மூடு. நீ கொட்டினதை எனக்குக் கொட்டியிருந்தா நானாவது பிழைச்சிருப்பேன்" என்றது பெண்சாதி.

மார்பு விம்ம, நொச்சி புதரின் மறுபக்கமாக வெளியேறிச் சத்தமில்லாமல் நடந்தது. நடுக்கம் நிற்காமலேயே வழியில் ஒரு துளிரைக் கடித்தது. இன்னும் கொஞ்ச தூரம் நடந்து இன்னொன்றைக் கடித்தது.

நீதி: கிடந்து தின்ற உடம்பும் பட்டினி போட்ட உடம்பும் ஆபத்தில் கைவிடும், அளவோடு உண்டு அன்றாடம் ஓடியாடிய உடம்பே உயிரைக் காக்கும்.