கால் முளைக்காத தலைப்பிரட்டைகள்

காட்டுச் சரிவில் இரண்டு குளங்கள் இருந்தன. மேல்குளத்துக் கரையில் குரங்குகள் வாழ்ந்தன. கீழ்க்குளத்தில் தவளைகள் வாழ்ந்தன. மேலிருந்து ஒரு வாய்க்கால் கீழே வந்தது.

குரங்குகள் பலாப்பழம் தின்று, தோலையும் சக்கையையும் வாய்க்காலில் தள்ளின. அது கீழ்க்குளத்தில் அழுகியது. ஈக்கள் மொய்த்தன. தவளைகளுக்குக் கொண்டாட்டம்!

"இன்னும் தள்ளுங்க, அண்ணே!" என்று வீரணன் என்ற தவளை மேலே பார்த்துக் கத்தியது.

சித்திரை பிறந்தது. குளம் வற்றத் தொடங்கியது. வீரணனின் பிள்ளைகள் ஏழும் இன்னும் தலைப்பிரட்டைகள்தான். ஒன்றுக்கும் கால் முளைக்கவில்லை.

"தண்ணி வத்துறதுக்குள்ள கால் வரலேன்னா, சேத்துலயே காய்ஞ்சு போகுங்க!" என்று அழுதது மனைவி பூவாத்தா. "ஈ மொய்ச்சதைப் பார்த்தியே, தண்ணி கறுத்ததைப் பார்த்தியா?"

வீரணன் பார்க்கத்தான் செய்தது. வயிறு நிறைந்திருந்ததால் அப்போது அதைப் பொருட்படுத்தவில்லை.

பதறிக்கொண்டு மேல்குளத்துக்கு ஓடியது. குரங்குத் தலைவன் கோம்பையன் சிரித்தது.

"உன் பிள்ளைங்க சோம்பேறிங்கப்பா! இங்கே அனுப்பு, தாவக் கத்துத் தர்றோம்!"

"காலே இல்லையே அண்ணே, எதை வச்சுத் தாவும்? உங்க சக்கைதான் தண்ணியைக் கெடுத்துருச்சு!"

"அடேய், கேட்டு வாங்கினது நீதானே!"

வீரணன் திரும்பி வந்ததும் தவளைகளைக் கூட்டி, வாய்க்காலைச் சேற்றால் அடைத்தது.

இனி அழுக்கு வராது. நல்ல தண்ணீரும் வராது! குளம் நாளுக்கு நாள் சுருங்கியது. 'நானே பிள்ளைகளைக் கொல்கிறேனோ?' என்று வீரணன் தவித்தது.

ஏழாம் நாள், தள்ளிய சக்கை கீழே போகாமல் தேங்கி மேல்குளம் நாறியது. குரங்குக் குட்டிகள் வாந்தி எடுத்தன. கோம்பையன் ஓடி வந்து அடைப்பை உதைக்கக் காலைத் தூக்கியது. தங்கள் சக்கை நாற்றமே தாங்காமல் பின்வாங்கியது.

"அடைப்பை எடுடா!"

"சக்கையை உங்க பக்கமே குழி தோண்டிப் புதைங்க. எடுக்கிறோம்."

"அப்புறம் ஈக்கு எங்கேடா போவே?"

"பட்டினி கிடக்கிறோம்!"

குரங்குகள் முணுமுணுத்துக்கொண்டே குழி தோண்டின. அடைப்பு திறந்தது. தெளிந்த தண்ணீர் கொஞ்சம் வந்தது.

நான்கு பிள்ளைகளுக்குக் கால் முளைத்தது. அவை கரையேறிவிட்டன. மூன்றுக்கு முளைக்கவே இல்லை. கோடை வெயிலில் சுருங்கும் குட்டையில் அவை வாலடித்துக்கொண்டிருந்தன. வீரணன் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மேலே இருப்பவர் தம் குப்பையைக் கீழே தள்ளினால், அது அங்குள்ள பிள்ளைகளின் வளர்ச்சியைத் தின்றுவிடும். பிறகு திருந்தினாலும் இழந்தது முழுவதும் திரும்பாது.